பாய்மரக் கப்பல் விழாக்களும் நம் ரஜுலாவும்

மலேசியத் தமிழர் வீடுகளில் குடும்பக் கதையைக் கேட்டால், பெரும்பாலும் அது ஒரு கப்பலில்தான் தொடங்கும். "எங்கள் தாத்தா ரஜுலாவில் வந்தவர்" என்று சொல்லாத பெரியவர்கள் குறைவு. ஆனால், அந்த ரஜுலா எந்த ஊரில் கட்டப்பட்டது, யாருக்குச் சொந்தமாக இருந்தது, கடைசியில் என்ன ஆனது என்று கேட்டால், நம்மில் பலருக்கு விடை தெரியாது.

உலகின் பல துறைமுக நகரங்களில் பழைய கப்பல்களுக்கென்றே விழா எடுக்கிறார்கள். பல்லாயிரக்கணக்கான மக்கள் கரையில் கூடி நின்று, நூறு வயதான கப்பலைப் பெற்ற பாட்டியை வரவேற்பதுபோல வரவேற்கிறார்கள். அந்த விழாக்கள் எப்படித் தோன்றின, அங்கே உண்மையில் என்ன நடக்கிறது, கப்பலேறி வந்த சமுதாயமாகிய நமக்கு அவற்றில் என்ன பாடம் இருக்கிறது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விழாவில் என்ன நடக்கிறது?

இரண்டு, மூன்று அல்லது நான்கு உயர்ந்த மரங்களில் பல அடுக்குப் பாய்களை விரித்து, காற்றின் விசையால் செல்லும் பெரிய கப்பல்களே இவ்விழாக்களின் நாயகர்கள். நீராவிக் கப்பல் வருவதற்கு முன்பு உலக வணிகம் முழுவதும் இத்தகைய கலங்களை நம்பியே நடந்தது. இன்று எஞ்சியிருப்பவற்றுள் பெரும்பாலானவை கடற்படைகளுக்கோ இளைஞர் பயிற்சி நிறுவனங்களுக்கோ சொந்தமானவை.

விழாவின் முதல் நாளில் கப்பல்கள் வரிசையாகத் துறைமுகத்திற்குள் நுழையும். பிறகு அவை மூன்று நான்கு நாள்கள் கரையோரம் கட்டி நிற்கும். பொதுமக்கள் ஏறிப் பார்க்கலாம். கயிற்றை எப்படி முடிச்சிடுவது, சுக்கானை எப்படித் திருப்புவது, காற்று திசை மாறினால் பாயை எப்படித் திருப்புவது என்று மாலுமிகளே சொல்லித் தருவார்கள். கப்பல் தச்சர்கள், கயிறு திரிப்பவர்கள், பாய் தைப்பவர்கள் ஆகியோர் தங்கள் வேலையைக் கரையிலேயே செய்து காட்டுவார்கள். மாலையில் பல நாட்டு மாலுமிகள் சீருடையுடன் நகர வீதிகளில் ஊர்வலம் போவார்கள். இறுதி நாளில் எல்லாக் கப்பல்களும் பாய்களை விரித்து ஒன்றன்பின் ஒன்றாகக் கடலுக்குத் திரும்பும். அந்தக் காட்சிக்காகவே விடியற்காலையில் வந்து இடம்பிடிப்பவர்களும் உண்டு.

பல விழாக்கள் ஓட்டப் போட்டியோடு இணைந்தவை. அனைத்துலகப் பாய்மரக் கப்பல் போட்டிகளில் கலந்துகொள்ள இரண்டு விதிகள் முக்கியமானவை. நீர்மட்டத்தில் கப்பலின் நீளம் 9.14 மீட்டருக்குக் குறையக் கூடாது. கப்பலில் இருப்பவர்களில் குறைந்தது பாதிப் பேர் 15 முதல் 25 வயதுக்குட்பட்டவர்களாக இருக்க வேண்டும். இரண்டாவது விதியை நான் முதலில் படித்தபோது வியந்தேன். கப்பல் பழையதாக இருக்கலாம். ஆனால், ஓட்டுபவர் இளையவராக இருக்க வேண்டும் என்கிறார்கள். முதல் பரிசுக்கு இணையான மதிப்புள்ள விருது ஒன்றும் இருக்கிறது. நாடுகளுக்கிடையே நட்பை வளர்க்க அதிகம் பாடுபட்ட கப்பலுக்கு அது வழங்கப்படுகிறது. அந்தக் கப்பலைப் பங்கேற்கும் கப்பல்களே தேர்ந்தெடுக்கின்றன.

விடைகொடுக்கக் கூடியவர்கள்

இந்த வழக்கம் எப்படித் தொடங்கியது என்பது சுவையான செய்தி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பாய்மரக் கப்பலின் காலம் முடிந்துவிட்டது என்றே எல்லாரும் நினைத்தனர். எஞ்சியிருந்த பெரிய கப்பல்களை ஒருமுறையாவது ஒன்றுசேர்த்துப் பார்த்துவிட வேண்டும் என்று லண்டனைச் சேர்ந்த ஓய்வுபெற்ற வழக்கறிஞர் பெர்னார்ட் மோர்கன் எண்ணினார். அதன் பயனாக, 1956ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டார்க்கியிலிருந்து போர்த்துக்கல்லின் லிஸ்பன் வரை 20 கப்பல்கள் போட்டியிட்டு ஓடின.

பாய்மரக் கப்பல்களுக்குப் பிரியாவிடை கொடுக்க நடத்தப்பட்ட நிகழ்ச்சி அது. ஆனால், மக்கள் காட்டிய ஆர்வத்தால் அதுவே ஒரு தொடக்கமாகிவிட்டது. 1975இல் ஆம்ஸ்டர்டாம் நகரம் தன் 700ஆம் ஆண்டு நிறைவைக் கப்பல் விழாவாகக் கொண்டாடியது. ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் அந்த விழா, கொவிட் பெருந்தொற்றால் 2020இல் நின்றுபோய், 2025 ஆகஸ்டு மாதம் மீண்டும் நடைபெற்றது. 1976இல் அமெரிக்க விடுதலையின் 200ஆம் ஆண்டில் நியூயார்க் துறைமுகத்தில் உலகின் பெரிய பாய்மரக் கப்பல்கள் அணிவகுத்தன. 

இது வெறும் வேடிக்கை என்று எண்ணிவிட வேண்டாம். 1957 செப்டம்பர் 21ஆம் நாள், ஜெர்மனியின் 'பாமிர்' என்ற நான்கு மரக் கப்பல் அட்லாண்டிக் பெருங்கடலில் சூறாவளியில் சிக்கி மூழ்கியது. அதிலிருந்த 86 பேரில் 80 பேர் மாண்டனர். அவர்களில் பலர் பயிற்சிக்குச் சென்ற இளைஞர்கள். அதன் பிறகும் ஜெர்மனி பாய்மரப் பயிற்சியைக் கைவிடவில்லை. கடல் கற்றுக் கொடுப்பதை வகுப்பறையில் கற்க முடியாது என்று அவர்கள் நம்பினார்கள்.

நம் வாசலுக்கு வந்த கலங்கள்

'இதெல்லாம் வெள்ளைக்காரர் சமாச்சாரம், நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?' என்று கேட்கத் தோன்றும். பேராக்கில் வாழும் நமக்கு அப்படிக் கேட்க உரிமையில்லை. ஈப்போவிலிருந்து காரில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் லுமுட்டை அடைந்துவிடலாம். பங்கோர் தீவுக்குப் படகேறும் இடமாக மட்டுமே நம்மில் பலருக்கு அந்த ஊரைத் தெரியும். அரச மலேசியக் கடற்படையின் முதன்மைத் தளம் அங்குதான் இருக்கிறது. மலேசியாவின் பாய்மரப் பயிற்சிக் கப்பலான 'துனாஸ் சமுத்திரா'வின் தாய்த்துறையும் அதுவே. 'துனாஸ்' என்றால் மலாய் மொழியில் துளிர். இரண்டு மரங்களும் ஏறக்குறைய 44 மீட்டர் நீளமும் கொண்ட இக்கப்பல் இங்கிலாந்தில் கட்டப்பட்டது. 1989 அக்டோபரில், அப்போது மாமன்னராக இருந்த பேராக் சுல்தான் அஸ்லான் ஷாவும் பிரிட்டிஷ் அரசியார் இரண்டாம் எலிசபெத்தும் முன்னிலை வகிக்க, அது கடற்படைப் பணியில் சேர்ந்தது. ஆஸ்திரேலியாவின் 'யங் எண்டெவர்' இதன் உடன்பிறப்பு.

பேராக்கின் நவீன வரலாறே கப்பலில் எழுதப்பட்டதுதான். 1874 ஜனவரி 20ஆம் நாள் பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தானது 'புளூட்டோ' என்ற கப்பலில். அந்த ஒப்பந்தத்தின் வழியாகத்தான் ஆங்கிலேயர் ஆட்சி இம்மாநிலத்துக்குள் நுழைந்தது. அதன் பின்னால் கிரியான் வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களும் காப்பித் தோட்டங்களும் ரப்பர்த் தோட்டங்களும் வந்தன. அவற்றில் வேலை செய்ய நம் முன்னோர் கொண்டுவரப்பட்டனர்.

இன்னும் பின்னோக்கிப் போனால், கோலா செப்பேத்தாங்கிற்கு அருகிலுள்ள கோலா செலின்சிங் என்னும் சதுப்பு நிலக் கரையில் பழங்கால மணி செய்யும் குடியிருப்பு ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. அங்கே கிடைத்த செம்மணிக்கல் முத்திரை ஒன்றில் விஷ்ணுவர்மன் என்ற பெயர் தென்னிந்திய எழுத்து வடிவில் பொறிக்கப்பட்டிருக்கிறது. பருவக்காற்றை நம்பிப் பாய்விரித்த கலங்கள் பேராக் கரையைத் தொட்டுச் சென்றதற்கு அது சான்று.

அத்தகைய பழங்கலம் எப்படி இருந்திருக்கும் என்பதை 2010இல் பினாங்கு மக்கள் நேரில் காணும் வாய்ப்புப் பெற்றனர். இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே 1998இல் கண்டெடுக்கப்பட்ட ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பலை மாதிரியாகக் கொண்டு, ஓமான் நாட்டில் 'மஸ்கட்டின் மாணிக்கம்' என்ற பொருள்படும் பெயரில் ஒரு கலத்தைக் கட்டினார்கள். ஓர் ஆணிகூட அடிக்காமல், பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்துக் கட்டிய கலம் அது. மஸ்கட்டிலிருந்து கொச்சி, காலி, பினாங்கு, கிள்ளான் துறைமுகம் வழியாக 2010 ஜூலையில் அது சிங்கப்பூரை அடைந்தது. இடையில் பாய்மரங்கள் பழுதுபட்டதால், இலங்கையின் காலியில் புதிய மரங்களைச் செதுக்கி நட்டுக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார்கள். அதே நுட்பத்தில் இந்தியா கட்டிய 'கௌண்டின்யா' என்ற தைத்த கப்பல் 2025 மே மாதம் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. அஜந்தா குகை ஓவியத்தில் உள்ள கப்பலைப் பார்த்துக் கேரளக் கைவினைஞர்கள் அதைக் கட்டினார்கள். அந்த ஆண்டு இறுதியில் அது குஜராத்தின் போர்பந்தரிலிருந்து மஸ்கட்டை நோக்கிப் பயணமானது.

இவற்றிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. கப்பல் அழிந்துபோனாலும், அதைக் கட்டும் கையும் ஓட்டும் அறிவும் உயிரோடு இருந்தால், கப்பலை மீண்டும் எழுப்பிவிடலாம்.

அட்லாண்டிக்கைக் கடந்த அன்னபூரணி

தமிழர் கட்டிய பாய்மரக் கப்பல் ஒன்றின் கதை உலகக் கடற்பயண நூல்களில் இடம்பெற்றிருக்கிறது. நம் பாட நூல்களில் நான் அதைப் பார்த்ததில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் உள்ள வல்வெட்டித்துறை, கப்பல் கட்டுவதற்கும் கடலோடுவதற்கும் பெயர்பெற்ற ஊர். அங்கே 1930இல் வேப்பமரத்தால் கட்டப்பட்ட கப்பல் 'அன்னபூரணி அம்மாள்'. அதன் நீளம் 89 அடி. வாடைக்கும் சோழகத்துக்கும் ஏற்பப் பாயை மாற்றி, பாக்கு நீரிணையிலும் வங்கக் கடலிலும் சரக்கேற்றிச் சென்ற கலங்களின் வகையைச் சேர்ந்தது.

பாய்ப்படகில் உலகைச் சுற்றிவந்த அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அக்கப்பலைக் கண்டு மயங்கி விலைக்கு வாங்கினார். தம் மனைவியின் பெயரை அதற்கு இட்டார். சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக் பெருங்கடல் ஆகியவற்றைக் கடந்து, 1938 ஆகஸ்டு 1ஆம் நாள் அது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அக்கப்பலைச் செலுத்திச் சென்றவர்களில் ஐந்து பேர் வல்வெட்டித்துறைத் தமிழர்கள். அவர்களுக்குத் தலைமை வகித்தவர் தண்டையல் கனகரத்தினம் தம்பாப்பிள்ளை. கப்பலைச் செலுத்தும் தலைவனைத் தண்டையல் என்பது அப்பகுதி வழக்கு.

குளோஸ்டர் என்ற பெயரைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீன்பிடித் தொழிலால் வளர்ந்த அவ்வூரில் ஆண்டுதோறும் செப்டம்பர்த் தொடக்கத்தில் பாய்மரக் கப்பல் விழா நடக்கிறது. அவ்விழாவின் செல்லப்பிள்ளை 'அட்வென்ச்சர்' என்ற மீன்பிடிக் கப்பல். அது 1926இல் பக்கத்து ஊரான எஸ்செக்சில் கட்டப்பட்டது. 1953 வரை மீன்பிடித்தது. பிறகு பல ஆண்டுகள் சுற்றுலாப் பயணிகளை ஏற்றியது. 1988இல் அதன் உரிமையாளர் அதைக் குளோஸ்டர் மக்களுக்கே கொடையாக அளித்தார். கப்பல் உளுத்துப்போயிருந்தது. பொதுமக்கள் நன்கொடை திரட்டி, பல ஆண்டுகள் பாடுபட்டு, பலகை பலகையாக மாற்றி அதைச் செப்பனிட்டனர். தங்கள் தாத்தாக்கள் உயிரைப் பணயம் வைத்து மீன்பிடித்த கப்பலாயிற்றே என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம்.

அதே 1926இல் பிறந்தவள்தான் நம் ரஜுலா.

ரஜுலா: பிறப்பும் முடிவும்

ரஜுலா பாய்மரக் கப்பல் இல்லை; நீராவிக் கப்பல். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பார்க்லே கர்ல் நிறுவனம் அதைக் கட்டியது. உரிமையாளர் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி. இந்தப் பெயரை நாம் வேறோர் இடத்தில் கேட்டிருக்கிறோம். 1906இல் வ.உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து அவரை வீழ்த்த முயன்ற கம்பெனி இதுதான். 1908இல் வ.உ.சி. சிறைப்பட்டார், 1911இல் அவருடைய கம்பெனி கலைக்கப்பட்டது. சொந்தக் கப்பல் விட்ட தமிழனை வென்ற கம்பெனியின் கப்பலில்தான், கூலி வேலைக்குப் புறப்பட்ட தமிழன் ஏறினான். வரலாற்றின் இந்த முரணை எண்ணும்போது மனம் கனக்கிறது.

சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்பதே ரஜுலாவின் வழித்தடம். தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மேல்தளப் பயணிகளை ஏற்றிக்கொள்ள அதற்கு உரிமம் இருந்தது. மேல்தளப் பயணி என்றால் அறை கிடையாது, கட்டில் கிடையாது. பாயை விரித்த இடமே அவருக்குச் சொந்தம். தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, குடும்பத்தைச் சுற்றி உட்காரவைத்து, ஏறக்குறைய ஒரு வாரம் அப்படியே போக வேண்டும். இறங்கியவுடன் வீடு இல்லை. பினாங்கில் இறங்கியவர்களை ஜெரஜாக் தீவின் தொற்றுநோய்த் தடுப்பு முகாம் எதிர்கொண்டது.

ரஜுலா வருவதற்கு முன்பே ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910இல் முடிவுக்கு வந்துவிட்டது. கங்காணி முறையும், 1907இல் தொடங்கப்பட்ட தமிழர் குடியேற்ற நிதியில் கிடைத்த இலவசக் கப்பல் பயணமும் அக்காலத்தில் நடைமுறையில் இருந்தன. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் ஆட்களைத் திரட்டிக் கப்பலேற்றினார்கள். 1938இல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆளனுப்புவதைத் தடைசெய்தது. போர்க்காலத்தில் ரஜுலா படைவீரர்களை ஏற்றியது. அதன் உடன்பிறப்பான 'ரோனா' 1943 நவம்பரில் மத்தியதரைக் கடலில் ஜெர்மானியக் குண்டுக்கு இரையாகி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களோடு மூழ்கியது. ரஜுலா தப்பியது. போருக்குப் பிறகு மீண்டும் பழைய வழித்தடத்துக்குத் திரும்பியது.

எங்கள் குடும்பம் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்தது. பால்மரங்கள் செம்பனையாயின, பிறகு லயத்து வீடுகள் இருந்த இடத்தில் அடுக்குச் சுவர் வீடுகள் எழுந்தன, நாங்கள் ஈப்போவுக்கு வந்துவிட்டோம். என் பாட்டி இங்கேயே பிறந்தவர். அவருடைய அப்பா 1960களில் ஒருமுறை ஊரைப் பார்த்துவர ரஜுலாவில் புறப்பட்டபோது, வழியனுப்பப் பினாங்குக்குப் போயிருக்கிறார். கப்பல் நகர்ந்ததும் தாத்தா துண்டை எடுத்து வீசினாராம். பக்கத்தில் நின்ற எல்லாரும் துண்டை வீசினார்களாம். "அத்தன துண்டுல எங்கப்பா துண்டு எதுன்னு தெரியாமப் போச்சுய்யா" என்று பாட்டி சொல்வார். தாத்தா ஆறு மாதத்தில் திரும்பி வந்துவிட்டார். ஆனாலும், பாட்டிக்கு ரஜுலா என்றால் அந்தத் துண்டுகள்தாம்.

1973இல் ரஜுலா இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்கப்பட்டது. 'ரங்கத்' என்று பெயர் மாறியது. 1974இல் பம்பாயில் உடைத்து இரும்பாக விற்றுவிட்டார்கள். அதன் இடத்துக்கு வந்த 'எம்.வி. சிதம்பரம்' பிரான்சில் கட்டப்பட்ட கப்பல். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்து உயிர்ச்சேதம் ஏற்பட்டது. அதன்பின் அதுவும் உடைக்கப்பட்டது. நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே தலைமுறை தலைமுறையாக நீண்டிருந்த கடல் பாதை அத்தோடு அறுந்தது.

எஞ்சியது என்ன?

ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு கப்பல்கள். ஒன்று இன்றும் குளோஸ்டரில் மிதக்கிறது. மற்றொன்று பழைய இரும்பாய்ப் போயிற்று. இதற்குக் குளோஸ்டர் மக்கள் நல்லவர்கள், நாம் நன்றி மறந்தவர்கள் என்று தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. 'அட்வென்ச்சர்' 121 அடி நீளமுள்ள மரக்கலம். ரஜுலாவோ எட்டாயிரம் டன்னுக்கும் மேற்பட்ட இரும்பு. அதைக் காப்பாற்றப் பெரும் பணம் வேண்டும். 1974இல் நம் தோட்டத் தொழிலாளர்கள் குடியுரிமைக்கும் கூலிக்கும் போராடிக்கொண்டிருந்தனர். கப்பலைக் காப்பாற்ற அவர்களால் எப்படி முடியும்? மேலும், கப்பல் அவர்களுடையதும் இல்லை. வல்வெட்டித்துறைத் தமிழர் அன்னபூரணியைச் செலுத்திப் போனார்கள். நம்மவர் ரஜுலாவில் சுமையோடு சுமையாக ஏற்றப்பட்டு வந்தார்கள். துன்பத்தைச் சுமந்துவந்த கப்பலுக்கு எதற்கு விழா என்று சிலர் கேட்பதிலும் நியாயம் உண்டு.

ஆனால், கப்பல் இல்லாமலேயே கப்பலை நினைவுகூரும் சமுதாயங்கள் இருக்கின்றன. 1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களோடு டர்பனை அடைந்தது. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் இன்றும் அந்த நாளை நினைவுகூருகிறார்கள். மொரீசியசில் நவம்பர் 2ஆம் நாள் பொது விடுமுறை. தொழிலாளர்கள் ஏறிவந்த கற்படிகள் உள்ள போர்ட் லூயிஸ் கரை, 2006இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. பிஜித் தீவில் 1879 மே 14ஆம் நாள் 'லியோனிடாஸ்' கப்பல் வந்ததை நினைவுகூர 2023 முதல் பொது விடுமுறை அளிக்கப்படுகிறது. ஒரே கப்பலில் வந்தவர்கள் சாதி பார்க்காமல் 'ஜகாஜி பாய்', அதாவது கப்பல் சகோதரர் என்று உறவு கொண்டாடிய வழக்கமும் அத்தகைய நாடுகளில் இருந்தது.

நாகப்பட்டினத்தில் நாம் ஏறிய கரைக்கு அருகிலேயே இன்னொரு சான்று இருக்கிறது. கடலோடிகளைக் காப்பவராகக் கருதப்படும் நாகூர் ஆண்டவரின் கந்தூரி விழாவில், கப்பல் வடிவில் அலங்கரித்த ரதங்கள் நாகப்பட்டினத்திலிருந்து நாகூருக்குக் கொடியோடு ஊர்வலமாக வருகின்றன. பினாங்கின் சூலியா வீதியிலும் அவர் பெயரில் ஒரு தலம் உண்டு. கப்பலை மறக்காமலிருக்க மக்கள் கண்ட எளிய வழி இது.

நமக்கு மட்டும் ஏன் அப்படியொரு நாள் இல்லை? ஒரு காரணம் எனக்குத் தோன்றுகிறது. டர்பனுக்கும் பிஜிக்கும் 'முதல் கப்பல்' ஒன்று உண்டு. மலாயாவோ பக்கத்து நாடு. கப்பல்கள் ஓயாமல் வந்துபோய்க்கொண்டிருந்தன. வந்தவர்களில் பலர் திரும்பிப் போனார்கள், மீண்டும் வந்தார்கள். அதனால், இந்த நாள், இந்தக் கப்பல் என்று சுட்டிக்காட்ட முடியவில்லை. எங்கள் வீட்டிலும் கொள்ளுத்தாத்தா எந்த ஆண்டு வந்தார் என்று சொல்லும் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. ஆனால், ரஜுலா என்ற பெயர் இருக்கிறது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக வாய்மொழியாகவே வாழ்ந்துவரும் பெயர் அது.

நாம் செய்ய வேண்டியவை

கப்பல் விழாக்களிலிருந்து நாம் கற்க வேண்டியது மரத்தையும் இரும்பையும் காப்பதை மட்டுமன்று. மூத்தவர் அறிந்ததை இளையவர் கையில் ஒப்படைப்பதே அவற்றின் உயிர். அதனால்தான் கப்பலில் பாதிப் பேர் 25 வயதுக்குள் இருக்க வேண்டும் என்ற விதி வைத்தார்கள். அந்த வயதில்தான் பல்கலைக்கழக மாணவர்களாகிய நாமும் இருக்கிறோம்.

முதலாவதாக, கப்பலில் பயணம் செய்தவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்ய வேண்டும். ரஜுலாவின் கடைசி ஆண்டுகளில் கைக்குழந்தையாய் வந்தவருக்கே இன்று ஐம்பது வயதைத் தாண்டிவிட்டது. பயணத்தைத் தெளிவாக நினைவில் வைத்திருப்பவர்கள் எழுபதையும் எண்பதையும் கடந்தவர்கள். நம் கைப்பேசியிலேயே ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. பள்ளி விடுமுறையில் ஊருக்குப் போகும் ஒவ்வொரு மாணவரும் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசினால் போதும். என்ன சாப்பிட்டார்கள், எங்கே படுத்தார்கள், யார் அழுதார்கள், பக்கத்துப் பாயில் இருந்தவர் பின்னாளில் என்ன உறவானார் என்று கேளுங்கள். ஆண்டும் தேதியும் தவறலாம். அவற்றைப் பின்னர் சரிபார்க்கலாம்.

இரண்டாவதாக, பொருள்களைத் தேட வேண்டும். பயணச்சீட்டு, பழைய கடப்பிதழ், பெயர் எழுதிய தகரப் பெட்டி, துறைமுகத்தில் எடுத்த படம் ஆகியவை இன்னும் பல வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. வீடு மாறும்போதும் பெரியவர் மறையும்போதும் முதலில் குப்பைக்குப் போவது அவைதாம். எங்கள் தோட்டத்திலிருந்து இடம்பெயர்ந்தபோது எத்தனை பெட்டிகள் பழைய இரும்புக்காரரின் லாரியில் ஏறின என்பதை என் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். பொருளை வாங்கிவர வேண்டியதில்லை. படம் எடுத்து, யாருடையது என்று எழுதி வைத்தாலே பெரும் பணி.

மூன்றாவதாக, சொற்களைச் சேர்க்க வேண்டும். தண்டையல், சுக்கான், நங்கூரம், சோழகம் முதலிய சொற்களோடு, தோட்டத்து மக்கள் கப்பல் பயணத்தைப் பற்றிப் பேசும்போது வழங்கிய சொற்களும் அகராதியில் ஏற வேண்டியவை. தமிழ்மொழிக் கழகம் செய்யக்கூடிய பணி இதைவிட வேறென்ன இருக்க முடியும்?

இவை கைகூடினால், ஒரு நாள் லுமுட் கரையில் 'துனாஸ் சமுத்திரா' பாய்விரித்து நிற்கும்போது, அதனருகே நம் மாணவர்கள் ஒரு சிறு கூடாரம் அமைக்கலாம். ரஜுலாவின் படம், பத்துப் பதினைந்து தகரப் பெட்டிகள், பெரியவர்களின் குரல் பதிவுகள் இருந்தால் போதும். மலாய்க்கார நண்பரும் சீன நண்பரும் நின்று கேட்பார்கள். அவர்களுடைய முன்னோரிலும் பலர் கடல் வழியாக வந்தவர்கள்தாம்.

2026ஆம் ஆண்டோடு ரஜுலா பிறந்து நூறாண்டு. கப்பல் இல்லை. அதில் வந்தவர்கள் சிலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளை இந்த விடுமுறையிலேயே கேட்டுவிடுவோம்.